அரை இறாத்தல் பாணும் ஒரு குன்றிமணி ஈஸ்ட்டும்

வணக்கம் நேயர்களே.

இந்த நிலையத்திலிருந்து அழைப்பு வந்தபோது, "மருந்தைப் பற்றித்தானே தம்பி பேச வேண்டும்?" என்று கேட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்தவளிடம் வேறு எதைக் கேட்கப்போகிறார்கள்? "இல்லை மிஸ், பாணைப் பற்றி" என்றார் அவர். யாரோ எங்கள் வீட்டுக்கு வந்து பாண் சாப்பிட்டுவிட்டுப் போய் வத்தி வைத்திருக்கிறார்கள். சரி, வந்துவிட்டேன். ஆனாலும் எனக்குத் தெரிந்தது மருந்து நிறுக்கிற கணக்கு ஒன்றுதான். பாண் சுடுவதையும் அதை வைத்துத்தான் படித்தேன்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேர். பிள்ளைகள் கனடாவில். ஓர் இறாத்தல் பாண் வாங்கினால் முதல் நாள் பாதி, அடுத்த நாள் ஒரு துண்டு, மூன்றாம் நாள் பார்த்தால் பச்சையாகப் பூஞ்சணம். கொழும்புப் புழுக்கத்தில் அது அப்படித்தான். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் வராது, ஆனால் பாண் வெளியில் இருப்பதைவிட வேகமாக விறைத்துப்போகும். ஆகவே அரை இறாத்தல் பாணாக நானே சுடுவது என்று தீர்மானித்தேன்.

செய்முறைக்கு எங்கே போவது? கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு பேக்கரி பாஸ் இருந்தார். விறகுப் போறணையில் வேலை பழகியவர். கேட்டவுடன் மூச்சுவிடாமல் ஒப்புவித்தார்: "மா ஒரு மூட்டை மிஸ், உப்பு ஒரு கிலோ, ஈஸ்ட் அரைக் கிலோ, சீனி ஒரு கிலோ, மாஜரீன் ஒரு கிலோ. தண்ணி கை பார்த்து." மூட்டை என்றால் 50 கிலோ. எனக்கு வேண்டியது 150 கிராம் மா.

இந்த இடத்தில் பலர் 50 கிலோவை 150 கிராமால் வகுக்கத் தொடங்கி, 333 புள்ளி 3 என்று வந்ததும் பேனையை வைத்துவிடுவார்கள். அது தேவையில்லை. பேக்கரிக்காரர்கள் உலகம் முழுவதும் மாவை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு எத்தனை வீதம் என்றுதான் கணக்கெடுப்பார்கள். பாஸ் சொன்ன கணக்கில் உப்பு 2 வீதம், ஈஸ்ட் 1 வீதம், சீனியும் மாஜரீனும் இரண்டிரண்டு. தண்ணீரை நான் 60 வீதம் என்று பிடித்துக்கொண்டேன். 150 கிராம் மாவுக்கு 90 கிராம் தண்ணீர், 3 கிராம் உப்பு, ஒன்றரைக் கிராம் ஈஸ்ட். கணக்கு முடிந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது.

சமையலறையில் ஒரு டிஜிற்றல் தராசு இருந்தது. 5 கிலோ வரை நிறுக்கும், ஒவ்வொரு கிராமாகக் காட்டும். சின்னக் கிண்ணத்தை வைத்து, பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினேன். 0. இன்னும் கொஞ்சம். 0. இன்னும் கொஞ்சம். அப்போதும் 0. கொஞ்சம் அலுப்போடு ஒரு தட்டுத் தட்டினேன், 3 என்று காட்டியது. சரிதான் என்று மாவில் கொட்டிவிட்டேன். அன்றிரவு இவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது கருவாட்டுப் பாணோ?" என்று கேட்டார்.

தராசில் பழுது ஒன்றும் இல்லை. சூட்டாலும் தூசியாலும் எடை மெதுவாக அங்குமிங்கும் நகர்வதை மறைப்பதற்காக, பூச்சியத்துக்குப் பக்கத்தில் மெல்ல மெல்ல நடக்கிற சின்ன மாற்றத்தைத் தராசு தானாகவே பூச்சியமாக்கிவிடும். அப்படித்தான் அதைச் செய்து விற்கிறார்கள். நான் தூவிய ஒவ்வொரு சிட்டிகையையும் அது தூசியென்று நினைத்து விழுங்கிவிட்டது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. கிண்ணத்தை வைத்த பிறகு பூச்சியமாக்காதீர்கள். கிண்ணம் 63 கிராம் என்றால் 63 என்றே இருக்கட்டும், 66 வரும் வரை போடுங்கள்.

ஆனால் அதுவும் பாதித் தீர்வுதான். கிராம் கிராமாகக் காட்டும் தராசில் 3 என்றால் அது இரண்டரையாகவும் இருக்கலாம், மூன்றரையாகவும் இருக்கலாம். மருந்தாளர் படிப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்த கணக்கு இதுதான்: உன் தராசு எவ்வளவு பிழைவிடும் என்று பார், நூற்றுக்கு 5 பிழை வரை பொறுக்கலாம் என்றால் அந்தத் தராசில் எந்த எடைக்குக் கீழே நிறுக்கக்கூடாது என்று கண்டுபிடி. 6 மில்லிகிராம் பிழைவிடுகிற இரட்டைத் தட்டுத் தராசில் 120 மில்லிகிராமுக்குக் கீழே எதையும் நிறுக்கமாட்டோம். அதே கணக்கை என் சமையலறைத் தராசுக்குப் போட்டுப் பார்த்தேன். அரைக் கிராம் பிழை என்றால் 10 கிராமுக்குக் கீழே அதை நம்பக்கூடாது. நான் அதில் ஒன்றரைக் கிராம் நிறுக்கப் பார்த்திருக்கிறேன்!

"தேக்கரண்டியால் அளந்தால் என்ன?" என்று கேட்பீர்கள். அளவுக் கரண்டி 5 மில்லிலீற்றர்; அதில் தட்டையாக எடுத்தால் உலர் ஈஸ்ட் ஏறக்குறைய 3 கிராம், தூள் உப்பு ஏறக்குறைய 6 கிராம். கரண்டி சரியாக இருந்தால் இது போதும். ஆனால் நம் வீடுகளில் தேக்கரண்டி என்று இருப்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை: சீதனத்தில் வந்தது ஒன்று, கடையில் தேயிலையோடு இலவசமாகக் கிடைத்தது ஒன்று. செட்டியார் தெருவில் எங்களுக்குப் பழக்கமான ஒரு நகைக்கடைக்காரரிடம் ஒருநாள் என் மூன்று கரண்டிகளையும் ஈஸ்ட்டையும் கொண்டுபோனேன். பவுண் நிறுக்கிற தராசில் ஈஸ்ட்டைக் கண்டதும் சிரிசிரியென்று சிரித்தார், ஆனாலும் நிறுத்துத் தந்தார். சின்னக் கரண்டியில் வந்ததைப்போல ஒன்றரை மடங்கு பெரிய கரண்டியில் வந்தது. "மிஸ், இந்தக் கரண்டியால்தான் இவ்வளவு நாளும் மருந்து கொடுத்தீர்களா?" என்றார். நல்லவேளை, இல்லை.

சரி, நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சின்ன நகைத் தராசு ஒன்றை வாங்கினால் என்ன? தாராளமாக வாங்குங்கள், நல்ல பொருள்தான். நிறுக்கும்போது விசிறியை மட்டும் நிறுத்த வேண்டும். கொழும்பில் அது சின்ன விஷயமல்ல. நான் வாங்கவில்லை. மருந்தறையில் பழகிய வழி கையில் இருக்கும்போது வாங்க மனம் வரவில்லை.

அந்த வழி என்னவென்றால், சின்னதை நிறுக்க முடியாவிட்டால் பெரிதாக நிறுத்து, ஒன்றில் கலந்து, அதில் ஒரு பங்கை எடுப்பது. ஒரு குழந்தைக்கு ஒரு சில மில்லிகிராம் மருந்து என்றால் தராசில் அதை நிறுக்க முடியாது. நிறுக்கக்கூடிய அளவு மருந்தை எடுத்து, லக்ரோஸ் என்ற பால்சீனித் தூளோடு கல்வத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அரைத்து, அந்தக் கலவையிலிருந்து பங்கு பிரிப்போம்.

உப்புக்கு இது மிக இலகு, ஏனென்றால் உப்பு தண்ணீரில் முழுதாகக் கரையும். 100 கிராம் உப்பை 400 கிராம் தண்ணீரில் கரைத்து ஒரு போத்தலில் வைத்திருக்கிறேன். அதில் 5 கிராம் எடுத்தால் 1 கிராம் உப்பு. என் பாணுக்கு 15 கிராம் கரைசல். இப்போது தராசு அரைக் கிராம் பிழைவிட்டாலும் உப்பில் பிழை பத்தில் ஒரு கிராம்தான். ஒன்றை மறக்கக்கூடாது: அந்த 15 கிராமில் 12 கிராம் தண்ணீர் இருக்கிறது. 90இலிருந்து அதைக் கழித்து 78 கிராம் தண்ணீர் விட வேண்டும். மறந்தால் மா கையோடு ஒட்டிக்கொண்டு வரும்.

ஈஸ்ட்டுக்கு நான் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. உப்புக் கூடினால் பாணைத் திருத்த முடியாது. ஈஸ்ட் கொஞ்சம் கூடினால் மா சீக்கிரம் பொங்கும், குறைந்தால் சுணங்கும். மணிக்கூட்டைப் பார்க்காமல் மாவைப் பார்த்தால் போதும். அதனால் பழைய மருந்துப் பொட்டல முறை. 11 கிராம் ஈஸ்ட் பைக்கற் ஒன்றை வெள்ளைத் தாளில் கொட்டி, கத்தி முனையால் நீள்சதுரமாகப் பரப்பி, இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிப்பேன். தொழிற்சாலைக்காரன் நல்ல தராசில் நிறுத்து அடைத்திருக்கிறான்; அவனுடைய 11 கிராமை நான் இலவசமாகப் பயன்படுத்துகிறேன். ஒரு பங்கு 1.4 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றரைக்கு அது போதும். எட்டுப் பொட்டலமாக மடித்து, காற்றுப் புகாத போத்தலில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிடுவேன்.

இனி அந்தக் குன்றிமணிக் கதை. இரவு படுக்கப்போகும் முன் மாவைக் குழைத்து வைத்து விடியற்காலை சுடுகிற பாணுக்குத் தனி ருசி. ஆனால் நம் ஊர்ச் சூட்டில் 1 வீத ஈஸ்ட் போட்டு இரவு முழுக்க வைத்தால் காலையில் மா புளித்துச் சரிந்து கிடக்கும். பத்தில் ஒரு பங்குதான் வேண்டும், அதாவது 150 மில்லிகிராம். ஒரு குன்றிமணியின் எடைக்குக் கொஞ்சம் கூட. நகைத் தராசுகூடக் கொஞ்சம் யோசிக்கிற எடை. நான் ஒரு பொட்டலத்தை எடுத்து 140 கிராம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைப்பேன். ஏறக்குறைய 1 வீதக் கலவை. அதில் 15 கிராம் எடுத்தால் 150 மில்லிகிராம் ஈஸ்ட் வந்துவிடும். ஈஸ்ட் உப்பைப்போலக் கரைவதில்லை. மிதந்து நின்று பிறகு அடியில் படியும். ஆகவே நன்றாகக் கலக்கி, கலக்கிய கையோடு எடுக்க வேண்டும். மருந்துப் போத்தலில் "பாவிக்கமுன் நன்றாகக் குலுக்கவும்" என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். இதில் உள்ள தண்ணீரையும் கழித்தால் மாவுக்கு 63 கிராம் தண்ணீர் மிச்சம். மீதிக் கலவையை வைத்திருக்காமல் ஊற்றிவிடுவேன். ஒரு கிராம் ஈஸ்ட்டுக்காக அழ முடியாது.

பேக்கரிகளில் மாவுக்கு வலுச் சேர்க்க விற்றமின் சி போடுவார்கள். அது வீதத்தில் சொல்ல முடியாத அளவு சின்னது. மா பத்து இலட்சம் பங்குக்கு 50 பங்குபோலத்தான். என் 150 கிராம் மாவுக்கு ஏழரை மில்லிகிராம். 100 மில்லிகிராம் குளிசை ஒன்றை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்தால், ஊசியில்லாத சிரிஞ்சால் ஏழரை மில்லிலீற்றர் எடுத்துவிடலாம். அடியில் வெள்ளையாகப் படிவது குளிசையில் சேர்த்த வேறு பொருள், பரவாயில்லை. செய்து பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வித்தியாசம் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

பனிஸுக்கு அரை முட்டை வேண்டுமென்றால் அடித்து, நிறுத்து, பாதியை எடுங்கள். அவ்வளவுதான்.

கடைசியாக அந்த உப்புப் போத்தல். ஒருநாள் மத்தியானம் இவர் வெயிலில் வந்து, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, தண்ணீர்ப் போத்தல் என்று நினைத்து ஒரு மடக்கு இழுத்துவிட்டார். பெயர் எழுதாமல் வைத்தது என் பிழை. ஆஸ்பத்திரியில் நான் அப்படிச் செய்திருந்தால் வேலை போயிருக்கும். அன்றைக்கே தாள் ஒட்டினேன்: உப்புக் கரைசல், 20 வீதம், திகதி, அதற்குக் கீழே சிவப்பு மையில் "வெளிப்பாவனைக்கு மாத்திரம்". பழக்கதோஷம். இரவு சுடச்சுடப் பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டே இவர் கேட்டார்: "அப்ப இதை எங்கே பூசுறது?"

வணக்கம்.