ஓதம் வேறு, ஆழிப்பேரலை வேறு

நேயர்களுக்கு வணக்கம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று மார்கழிப் பௌர்ணமி. கோபிசெட்டிபாளையத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில், தொலைக்காட்சியில் நாகப்பட்டினத்துக் காட்சிகளைப் பார்த்துவிட்டு வந்த பக்கத்துத் தோட்டத்து அம்மா, "ஏனுங் வாத்தியாரே, பௌர்ணமிங்காட்டித்தான் கடல் இப்படிப் பொங்கிருச்சுங்களா?" என்று என்னிடம் கேட்டார். கடலைக் கண்ணால் காண இராமேசுவரத்துக்கோ திருச்செந்தூருக்கோ பயணப்பட வேண்டிய நம் கொங்கு நாட்டிலும், நிலவுக்கும் கடலுக்கும் தொடர்பு உண்டு என்பது எல்லாரும் அறிந்ததே. ஆகவே அந்தக் கேள்வி நியாயமானது. ஆங்கிலத்திலும் நெடுங்காலம் ஆழிப்பேரலையாகிய சுனாமியை 'டைடல் வேவ்', அதாவது ஓத அலை, என்றுதான் எழுதி வந்தார்கள். அந்தப் பெயர் பிழையானது. உயிரைப் பறிக்கக்கூடிய பிழை என்பதனாலேயே இன்று அதைப் பேச வந்திருக்கிறேன்.

ஓதம் என்பது நிலவும், அதில் பாதிக்கும் சற்றுக் குறைந்த வலுவுடன் கதிரவனும், கடல்நீரை ஈர்ப்பதால் உண்டாவது. நம் கரைகளில் ஒரு நாளைக்கு இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் நிலவும் கதிரவனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால், அந்நாட்களை ஒட்டி ஏற்றமும் மிகும், வற்றமும் மிகும். குசராத்தின் காம்பே வளைகுடாவில் இந்த வேறுபாடு 10 மீட்டர் அளவுக்குப் போகிறது. தமிழகக் கரையிலோ பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். எந்த நாளில் எந்த மணிக்கு எவ்வளவு ஏறும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கணித்து அட்டவணையாக அச்சிட்டுவிட முடியும். உண்மையான ஓத அலையும் உண்டு: கொல்கத்தாவின் ஊக்ளி ஆற்றில், ஏற்றத்தின்போது கடல்நீர் ஆற்றோட்டத்தை எதிர்த்துச் சுவர்போல மேலேறிச் செல்லும். அந்தப் பெயருக்கு உரியது அதுதான்.

ஆழிப்பேரலைக்கு நிலவோடு எந்த உறவும் இல்லை. சனவரியில் பள்ளி திறந்ததும், ஒரு மெல்லிய அலுமினியத் தாம்பாளத்தில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் ஊற்றி, வாய்க்காலில் அள்ளிய வண்டலைக் கொஞ்சம் தூவி, அது அடியில் படிந்தபின் மாணவர்களை மேலே ஊதச் சொன்னேன். தண்ணீரின் முகம் சிலிர்த்தது, வண்டல் அசையவில்லை. அது காற்றால் எழும் அலை. பிறகு தாம்பாளத்தின் ஒரு பக்கத்தை மிக மெதுவாக உயர்த்தி இறக்கினோம். தண்ணீர் முழுவதும் அங்கும் இங்குமாக நகர்ந்தது. அது ஓதம். கடைசியாக ஒரு மாணவி அடியிலிருந்து விரல் முட்டியால் ஒரே தட்டுத் தட்டினாள். வண்டல் கலங்கி எழ, வளையம் ஒன்று விளிம்பு வரை ஓடிச் சிந்தியது.

அன்று காலை நம் நேரப்படி 6.29 மணிக்குச் சுமத்திரா அருகே நடந்ததும் அப்படி அடியிலிருந்து விழுந்த ஒரு தட்டுத்தான். அங்கிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் புவித்தட்டின் விளிம்பு பிளந்து, கடல்தரை திடீரென எழும்பி, தன்மேல் நின்ற அத்தனை நீரையும் தூக்கிவிட்டது. நடுக்கடலில் அந்த அலையின் உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. செயற்கைக்கோள் அளந்தபோது ஏறத்தாழ 60 சென்டிமீட்டரே இருந்தது. ஆனால் 4 கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைந்து, முன்னால் போகும் நீர் தயங்க, பின்னால் வருவது அதன்மேல் ஏற, உயரம் கூடுகிறது. காலை ஒன்பது மணியளவில் அது நம் கரையைத் தொட்டது. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள். பௌர்ணமி உடன் நேர்ந்தது தற்செயல்.

இதற்கு மறுபக்கக் குழப்பமும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. உடனே நம் ஊர்களில் பயணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். ஓதத்தின் வற்றம் மணிக்கணக்கில் மெல்ல நிகழ்வது. ஆழிப்பேரலைக்கு முன் கடல் வடிந்தால் சில நிமிடங்களில் வடியும், மீன்கள் துடிக்கத் தரை வெளிப்படும். எப்போதும் வடியும் என்றும் நம்பக் கூடாது: 2004இல் தாய்லாந்துக் கரையில் முதலில் நீர் விலகியது, நம் பக்கத்துக் கரைகளிலோ முதலில் வந்தது ஏறும் அலை.

சரியான சொல் என்ன செய்யும் என்பதற்குச் சுமத்திராவை ஒட்டிய சிமெலுவே தீவு சான்று. 1907இல் பட்ட பேரழிவை அத்தீவினர் 'சுமோங்' என்ற சொல்லிலும் பாட்டிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். 2004இல் நிலம் நடுங்கியதும் அந்தச் சொல்லைக் கூவிக்கொண்டு மலைமேல் ஏறினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த தீவில், அலைக்கு ஏழு பேரே பலியானார்கள். நமக்கோ அந்நடுக்கம் பெரிதாக உணரப்படவில்லை. இப்போது, 2007 முதல், ஐதராபாத்தில் உள்ள எச்சரிக்கை மையம் நிலநடுக்கப் பதிவுகளையும் கடலடி அழுத்தமானிகளையும் இரவும் பகலும் கவனித்துக்கொண்டிருக்கிறது.

தை அமாவாசைக்கு இராமேசுவரம் போகும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்கினி தீர்த்தத்தில் அன்று நீர் சற்று விலகி நின்றால் அஞ்ச வேண்டாம், அது ஓதம். நிலம் வெகுநேரம் நடுங்கினாலோ, கடல் கண்ணெதிரே விரைந்து வடிந்தாலோ, எச்சரிக்கை கேட்டாலோ, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கரையை விட்டு மேட்டுக்குப் போய்விடுங்கள். முதல் அலை வடிந்ததும் பையை எடுக்கத் திரும்பாதீர்கள். அலைகள் அரை மணி, ஒரு மணி இடைவெளியில் மீண்டும் மீண்டும் வரும். 2004இல் பல ஊர்களில் இரண்டாவது அலையே பெரிதாக இருந்தது.