கலிபோர்னியா ஆளுநரைப் பாதியில் இறக்கும் சட்டம் யார் கொண்டு வந்தது?

ஒருவர் கேட்டிருக்கிறார்: "2003ல் கலிபோர்னியா மக்கள் ஆளுநர் கிரே டேவிஸைப் பாதியிலேயே இறக்கிவிட்டு அர்னால்டு ஸ்வார்ஸ்நெகரை உட்கார வைத்தார்களே, அந்தச் சட்டம் எப்போது வந்தது?"

வந்தது 1911ல். கொண்டு வந்தவரும் ஓர் ஆளுநர்தான், ஹைரம் ஜான்சன். அங்கே ஆளுநர் என்றால் நியமனம் இல்லை, ஓட்டில் ஜெயித்து வருபவர்.

இவர் வக்கீல். அப்பா குரோவ் ஜான்சனும் வக்கீல், அரசியல்வாதி, சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனிக்கு வேண்டியவர். அப்போது கலிபோர்னியா அரசியலில் அந்தக் கம்பெனி வைத்ததுதான் சட்டம். மகன் நேர் எதிர். 1908ல் சான் பிரான்சிஸ்கோ லஞ்ச வழக்கில் அரசு வக்கீல் ஹெனியைக் கோர்ட்டுக்குள்ளேயே ஒருவன் சுட்டுவிட்டான். அவர் பிழைத்துக்கொண்டார். வழக்கைக் கையிலெடுத்து, ஏப் ரூஃப் என்ற அரசியல் தரகரைச் சிறைக்கு அனுப்பியதில்தான் ஜான்சனுக்குப் பேர் வந்தது.

1910ல் தேர்தலில் நிற்கிறார். ரயில் கம்பெனியை எதிர்ப்பவர் ரயிலில் ஏறுவாரா? அந்தக் காலத்து மண்சாலைகளில் காரிலேயே மாநிலத்தைச் சுற்றினார். ஊருக்குள் நுழைந்ததும் மாட்டுமணியை ஆட்டிக் கூட்டம் சேர்ப்பார்களாம். ஜெயித்தார்.

1911 அக்டோபர் 10ஆம் தேதி ஒரே வாக்கெடுப்பில் நிறைய நடந்தது. பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது, மயிரிழையில். மக்களே சட்டம் முன்மொழியலாம், சட்டசபை போட்ட சட்டத்தை ஓட்டுப்போட்டுத் தடுக்கலாம். அப்புறம் நீங்கள் கேட்டது: கடந்த தேர்தலில் பதிவான ஓட்டில் 12 சதவீதம் கையெழுத்து சேர்ந்தால் ஆளுநரையே நீக்க வாக்கெடுப்பு.

எல்லாம் நல்லதே செய்தார் என்று நினைக்க வேண்டாம். 1913ல் ஜப்பானியர் நிலம் வாங்க முடியாதபடி ஒரு சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் இவர்தான்.

ரோஷக்காரர் வேறு. 1916ல் இவருடைய குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஹியூஸ், கலிபோர்னியாவின் லாங் பீச்சில் இவர் தங்கிய அதே ஹோட்டலில் இருந்தும் இவரைப் பார்க்காமல் போய்விட்டார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கலிபோர்னியாவை ஹியூஸ் இழந்தது நாலாயிரத்துக்கும் குறைவான ஓட்டில், அதோடு ஜனாதிபதி பதவியும் போச்சு. அதே நாள் ஜான்சன் செனட்டுக்கு ஏறக்குறைய 3 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்! 1945ல் சாகும்வரை செனட்டர்தான்.

1920ல் துணை ஜனாதிபதியாக நிற்கச் சொல்லி ஜனாதிபதி வேட்பாளர் ஹார்டிங் தரப்பு கேட்டது. மாட்டேன் என்றுவிட்டார். 1923ல் ஹார்டிங் பதவியிலேயே இறந்தார், அதுவும் ஜான்சனின் சான் பிரான்சிஸ்கோவில். நாற்காலி துணை ஜனாதிபதியாக இருந்த கூலிட்ஜுக்குப் போனது.