தண்டல் அட்டையில் 63 டிக்

எல்லாருக்கும் வணக்கம். மார்ச் மாதம், கணக்கு முடிக்கிற நேரம், அப்படியிருந்தும் ராயபுரம் வரை இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். பாரிமுனையிலும் மண்ணடியிலும் கணக்குப் பார்க்கிறவர்கள், வங்கியில் கடன் பிரிவில் இருப்பவர்கள், பின்னால் ஒரு வரிசை முழுக்க பி.காம் பிள்ளைகள். கம்பெனியை விட்டு காலேஜுக்கு எப்படிப் போனீர்கள், நாங்களும் வரலாமா என்றுதான் என்னிடம் எல்லாரும் கேட்கிறீர்கள், அதையே பேசிவிடுகிறேன்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். ஒரு கம்பெனியின் நிதிப் பிரிவில் 18 வருடம் இருந்தேன். புது மெஷின் வாங்கலாமா, குடோன் கட்டலாமா என்று கேட்டு ஃபைல் வரும், வருங்கால வரவுகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, சரி அல்லது வேண்டாம் என்று எழுதி அனுப்புவேன். அந்த வேலையில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

பாடம் நடத்தப் போன முதல் வாரத்திலேயே இதே கணக்கைப் போர்டில் போட்டேன். 12 சதவீதம் டிஸ்கவுண்ட் ரேட், அதாவது பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கிற வருட விகிதம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "சார், அந்த 12 எங்கிருந்து வந்துச்சு?" என்றான். நான் வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. கம்பெனியில் அந்த எண் வருடா வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து வரும், நாங்கள் ஷீட்டில் போட்டுக்கொள்வோம், அது ஏன் 12, ஏன் 14 இல்லை என்று 18 வருடத்தில் ஒருநாள் கூட நான் கேட்டதில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து, கடனுக்கு என்ன செலவு, பங்கு முதலுக்கு என்ன செலவு, இரண்டையும் எந்த விகிதத்தில் கலக்கிறோம் என்று அடியிலிருந்து படித்தேன். கையில் வேலை இருக்கும், அதன் காரணம் நம்மிடம் இருக்காது. தொழிலிலிருந்து வருகிற நம் எல்லாருக்கும் இதுதான் நிலை என்று நினைக்கிறேன், வகுப்பில் நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

வழி என்னவென்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதுகலையில் 55 சதவீதம் இருந்தால் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதலாம், உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு கிடையாது. சிஏ, சிஎஸ், சிஎம்ஏ போன்ற தொழில்முறைப் படிப்பு முடித்தவர்களின் தகுதியை 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) முதுகலைக்கு இணையாக ஏற்றுக்கொண்டது. 2022-இல் 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்று இன்னொரு கதவும் திறந்தது. துறையில் 15 வருட அனுபவம் வேண்டும், பட்டம் கட்டாயமில்லை, ஆனால் மொத்தமே அதிகபட்சம் 4 வருடம்தான். என் கருத்தைக் கேட்டால் நெட் எழுதி வாருங்கள் என்பேன். அதன் முதல் தாள் கற்பித்தல், ஆராய்ச்சித் திறன் பற்றியது, அலுவலகத்தில் யாரும் நமக்குச் சொல்லித் தராத விஷயம். சம்பளம் குறையும், எனக்குப் பாதிக்கும் கீழே போனது. வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், என்ன நடத்துவது? இங்கே பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. பீச் ஸ்டேஷனில் இறங்கி ராஜாஜி சாலையில் பிள்ளைகளை நடக்கவிட்டாலே ஒரு வகுப்பு ஆகிவிடும். மதராஸில் பெரிய மனிதர்களும் சாதாரண மனிதர்களும் நம்பிப் பணம் போட்ட அர்பத்நாட் வங்கி நிறுவனம் 1906 அக்டோபரில் முறிந்தது, அதன் பங்குதாரர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த அடியிலிருந்துதான், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்னின்று, 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. டெபாசிட்தாரரின் நம்பிக்கை என்றால் என்ன என்பதை இந்தச் சாலையில் நின்று சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது.

ஆனால் என்னை ஆசிரியனாக்கியது தண்டல் கணக்குதான். நம் பக்கத்தில் தண்டல் தெரியாத வீடு உண்டா? 10,000 ரூபாய் கடன், 1,500-ஐ முன்னாடியே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள், தினம் 100 ரூபாய், 100 நாள் கட்ட வேண்டும். வட்டி எவ்வளவு என்று வகுப்பில் கேட்டேன். "15 பர்சன்ட்" என்றார்கள். கையில் வந்தது 8,500 தானே என்றேன், 17.6 என்று திருத்தினார்கள். அந்த 8,500 நூறு நாளும் முழுசாக உங்களிடம் இருந்ததா, மறுநாளே திரும்பக் கட்ட ஆரம்பித்துவிட்டீர்களே என்று கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஒவ்வொரு 100 ரூபாயையும் அதன் நாளுக்கு ஏற்ப இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கணக்குப் போட்டோம். நாளைக்குச் சுமார் 0.33 சதவீதம், தனிவட்டியாகப் பார்த்தாலே வருடத்துக்கு 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. கம்பெனியில் மெஷினுக்குப் போட்ட அதே கணக்கு!

ஒரு மாணவி மட்டும் முகத்தைச் சுளித்தாள். அவள் அம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிறவர். "சார், அந்தக் காசு இல்லன்னா எங்கம்மா ஏலத்துல நிக்கவே முடியாது. உங்க பேங்க்ல கேட்டா மூணு வருஷ வரி ரிட்டர்ன் கேப்பாங்க." அவள் சொன்னது நியாயம். கடன் விண்ணப்பங்கள் எப்படிப் பரிசீலிக்கப்படும் என்பது எனக்குத் தெரியும், அவள் அம்மாவின் பெயர் அந்த மேஜை வரைக்கும் வந்தே இருக்காது. வட்டி 120 என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனால் அது அரைகுறைப் பாடம். அந்த விலையை அவர் எதற்காகக் கொடுக்கிறார், அன்றன்றைக்கு மீனில் என்ன லாபம் நிற்கிறது, கையில் முதல் இருந்தால் என்ன மாறும் என்று அடுத்த இரண்டு வகுப்பும் அதிலேயே போனது. பாடத்திட்டத்தில் பின்தங்கினேன், அதற்கு நான் வருந்தவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பெண் அம்மாவின் தண்டல் அட்டையைக் கொண்டுவந்தாள். மூலைகள் மடங்கி, மீன் ஈரத்தில் மை பரவி, கட்டம் கட்டமாக டிக் அடித்த அட்டை. 63 டிக். "சார், மீதி 37 நாளையும் இன்னைக்கே கட்டிட்டா எவ்வளவு குறையணும்?"

3,700 பாக்கி. அதே முறையில் சேர்ந்து கணக்குப் போட்டோம், இன்றைய மதிப்பு 3,477 வந்தது. அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் 223 என்று எழுதிக்கொண்டாள். "குறைப்பாரான்னு தெரியல சார், ஆனா கேட்கச் சொல்றேன்" என்றாள்.