ஒரே நாளில் முடிகிற வேலையும் முடியாத வேலையும்

நேயர்களுக்கு வணக்கம். திபெத்தின் ஏழை மலைக்கிராமங்களுக்குப் போகிற இலவச மருத்துவ உதவியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கண் மருத்துவன், அதனால் கண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

திபெத் பீடபூமியின் சராசரி உயரம் சுமார் 4,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். போதாததற்குப் பனியில் பட்டுத் திரும்பும் வெயில் வேறு. மேய்ச்சலிலேயே வாழ்நாளைக் கழிப்பவர்களுக்கு அங்கே கண்புரை சீக்கிரமே வந்துவிடுகிறது. பார்வை போன கிழவியால் யாக் மாட்டைக் கறக்க முடியாது, தனியாகத் தண்ணீருக்குப் போக முடியாது. அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு பேத்தி வீட்டோடு நின்றுவிடுவாள்.

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் நேபாள மருத்துவர் சந்துக் ரூயித். திபெத் எல்லையை ஒட்டிய ஓலாங்சுங்கோலா கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்காகச் சின்ன வயதிலேயே டார்ஜிலிங் போக வேண்டியிருந்தது. தங்கையைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். லக்னோவிலும் டெல்லியிலும் படித்துவிட்டு காத்மாண்டுவில் தில்கங்கா கண் மருத்துவமனையை உருவாக்கினார். அமெரிக்க மருத்துவரும் மலையேறியுமான ஜெஃப்ரி டாபினோடு சேர்ந்து 1995-ல் இமாலயக் கண்புரைத் திட்டத்தைத் தொடங்கி, திபெத் மருத்துவர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்.

அவர் பரப்பிய அறுவை முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், தொழில் புத்தி விடாது. வெள்ளை விழியில் ஆறேழு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரிவாக ஒரு சிறு சுரங்கம் வெட்டுவோம். கெட்டியாகிப் போன புரையை அதன் வழியாக முழுசாக வெளியே எடுத்துவிட்டு, செயற்கை லென்ஸை உள்ளே நழுவ விடுவோம். கண்ணுக்குள் இருக்கிற அழுத்தமே அந்த வாயை மூடிக்கொள்ளும், தையல் வேண்டாம். கை பழகியவருக்குப் பத்து நிமிட வேலை. விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை, ஒரு மைக்ராஸ்கோப்பும் ஜெனரேட்டரும் இருந்தால் பள்ளிக்கூட அறையிலேயே செய்துவிடலாம். லென்ஸ் விலையும் தடையாக இல்லாமல் போனது. மதுரையில் 1992-ல் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலை, அடுத்த சில ஆண்டுகளில் தில்கங்கா என்று இரண்டு இடத்திலும், நூறு டாலர் அளவில் விற்ற பொருளைச் சில டாலருக்குச் செய்து காட்டினார்கள்.

மறுநாள் காலை கட்டை அவிழ்த்தால் பார்வை வந்திருக்கும். நன்கொடை கேட்கிற துண்டறிக்கைகளில் அந்தப் படம்தான் இருக்கும். அதில் தப்பில்லை. ஆனால் எல்லா நோயும் கண்புரை போலத்தான், முகாம் போட்டால் தீர்ந்துவிடும் என்ற நினைப்பை அந்தப் படம் கொடுத்துவிடுகிறது. அங்கேதான் எனக்குச் சங்கடம்.

நாடாப்புழுவால் வரும் நீர்க்கட்டி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவின் சிச்சுவான் மாகாணத்துத் திபெத்தியப் பகுதியான ஷிச்சூ, இந்த நோய் உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் ஒன்று. ஆடோ யாக்கோ அறுக்கும்போது வீசுகிற ஈரலை நாய் தின்னும். நாயின் குடலில் புழு வளரும். முட்டை அதன் மலத்தோடு வெளியே வந்து ரோமத்தில் ஒட்டும், நாயோடு விளையாடும் பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் போகும். பல வருடம் கழித்து ஈரலில் கட்டி. அப்போது அறுவை சிகிச்சை, இல்லையென்றால் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்து. தெருநாயைக் கொல்லலாம் என்று ஒரு பௌத்த ஊரில் போய்ச் சொல்ல முடியுமா? நாய்க்குப் புழு மாத்திரை கொடுப்பதுதான் வழி. மாதாமாதம், ஒவ்வொரு நாய்க்கும். எந்த முகாம் மாதாமாதம் வரும்?

பிரசவமும் அப்படித்தான். பேற்று ரத்தம் வீட்டுத் தெய்வங்களுக்குத் தீட்டு என்று கருதி, மாட்டுத் தொழுவத்தில் பிள்ளை பெறும் வழக்கம் பல கிராமங்களில் இருந்தது. உதவிக்குப் பல சமயம் மாமியார்தான், சில சமயம் யாருமே இல்லை. ஒன் ஹார்ட் என்ற அமெரிக்க அமைப்பு ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பிரசவப் பயிற்சி கொடுத்து வந்தது. 2008-ல் திபெத்தில் கலவரம் வந்தது, அமைப்பு வெளியேற வேண்டியதாயிற்று. அப்புறம் நேபாளத்தில் வேலையைத் தொடர்ந்தார்கள். 2017-ல் சீனாவில் வெளிநாட்டு அமைப்புகளுக்கான புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபின் கதவு இன்னும் குறுகிவிட்டது. அரசியல் பேச நான் வரவில்லை. ஆனால் வெளியார் எப்போது வேண்டுமானாலும் போக நேரிடும் என்பதை இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதல் நாளே கணக்கில் வைக்க வேண்டும். அவர்கள் போனாலும் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஊரிலேயே இருப்பாள்.

ஆகவே உதவ நினைத்து யாராவது என்னிடம் யோசனை கேட்டால், எத்தனை அறுவை செய்தீர்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. பிப்ரவரியில் பனி வழியை அடைத்துக் கிடக்கும்போது அந்த ஊரில் மருந்துப் பெட்டியோடு யார் இருக்கிறார், அவருக்குச் சம்பளம் யார் தருகிறார் என்று கேட்பேன். திட்ட அறிக்கையில் அதற்கு ஒரு வரி இருந்தால் மேற்கொண்டு பேசலாம். வணக்கம்.