ஓவன் கதவு மூடிய பிறகு

அனைவருக்கும் வணக்கம்.

பேஸ்ட்ரி செஃப் ஆக வேண்டும் என்ற ஆசையோடு வந்திருக்கும் மாணவர்களும், அந்த ஆசையைக் கேட்ட நாளிலிருந்து கவலையோடு இருக்கும் பெற்றோரும் இந்த அரங்கில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் இரு தரப்பாருக்கும் தனித்தனிப் பேச்சு என்னிடம் இல்லை. இந்தப் பயிற்சியின் கஷ்டமும் அதன் பலனும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அந்த இடத்தைக் காட்டுவதற்காகத்தான் இன்று பேச ஒப்புக்கொண்டேன்.

சூப்பில் உப்புக் குறைந்தால் சேர்த்துக்கொள்ளலாம். சாஸ் கெட்டியாகிவிட்டால் இளக்கலாம். சூடான அடுப்பின் முன் நிற்கும் சமையல்காரருக்குக் கடைசி நிமிடம் வரை கரண்டி கையில் இருக்கிறது. பேஸ்ட்ரி பிரிவில் அந்தச் சலுகை கிடையாது. கேக் மாவு ஓவனுக்குள் போய்க் கதவு மூடிவிட்டால், நீங்கள் முன்பே செய்தது எதுவோ அதுதான் வெளியே வரும். பொறுமையில்லாமல் பாதியில் கதவைத் திறந்தால், நீராவியின் பலத்தில் உப்பி எழுந்துகொண்டிருக்கும், சூ என்ற, உள்ளே கூடாக இருக்கும் பேஸ்ட்ரி அப்படியே அமுங்கிவிடும். ஆகவே இந்தத் தொழிலில் பயிற்சி என்பது முன்கூட்டியே பார்க்கப் பழகுவது. சில மணி நேரம் கழித்து நடக்கப்போவதை இப்போதே மாவில் பார்க்கத் தெரிய வேண்டும்.

குரோசான் என்ற, பிறை வடிவில் அடுக்கடுக்காக இருக்கும் பிரெஞ்சு ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பிசைந்த மாவைக் குளிரவைத்து, அதற்குள் தட்டையாக்கிய வெண்ணெயை வைத்து மூடி, உருட்டி விரித்து, மூன்றாக மடிக்கிறோம். மறுபடியும் குளிர்ச்சி, மறுபடியும் விரிப்பு, மடிப்பு. மூன்று முறை மடித்தால் வெண்ணெய் 27 அடுக்குகளாகிறது. பஃப் பேஸ்ட்ரிக்கு ஆறு முறை மடிப்பது மரபு. அங்கே கணக்கு 729. சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் இருக்கும் நீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்குகிறது. நடுவே இருக்கும் கொழுப்பு அவற்றை ஒட்டாமல் காக்கிறது. இவ்வளவையும் அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். ஆனால் வெண்ணெயின் பதத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அது அதிகம் குளிர்ந்திருந்தால் உருட்டும்போது மாவுக்குள்ளேயே துண்டு துண்டாக உடையும். இளகியிருந்தால் மாவோடு கலந்துவிடும். இரண்டு தவறுமே அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. மேல்பரப்பு வழவழப்பாகவே இருக்கும். பிறகு வடிவம் கொடுத்து, உப்பவிட்டு, சுட்டு, ஆறவைத்துக் குறுக்கே வெட்டும்போதுதான் உள்ளே அடுக்குகளே இல்லாமல் அடைத்துக்கொண்டிருப்பது தெரியவரும். உப்பவிடும் இடத்தின் வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் வெண்ணெய் உருகி அத்தனை மடிப்பும் வீணாகும்.

புதிதாகச் சேரும் மாணவரை உடைப்பது இந்தத் தாமதம்தான் என்பது என் கருத்து. தவறு நடந்த நொடிக்கும் அது வெளிப்படும் நொடிக்கும் இடையே பல மணி நேரம் ஓடிவிடுவதால், எதனால் கெட்டது என்று அவருக்குப் புரிவதில்லை. மாவா, வெண்ணெயா, அறையா, அவசரமா? இதற்கு மருந்து, எழுதுவது. அன்றைய மாவின் வெப்பம், அறையின் வெப்பம், உப்பவிட்ட நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். திறமைசாலி என்று பெயர் வாங்கிய பலரைவிட நோட்டுப் புத்தகத்தை விடாமல் எழுதியவர்கள் வேகமாக முன்னேறியதைப் பார்த்திருக்கிறேன்.

இனி தராசும் தெர்மாமீட்டரும். மாவைக் கப்பால் அளக்கும் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அழுத்தி அள்ளினால் ஓர் எடை, தளர்வாக அள்ளினால் வேறோர் எடை. முட்டையைக்கூட கிராமில்தான் நிறுக்கிறோம். வெப்பத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். முட்டை மஞ்சள் கருவும் பாலும் சேர்ந்த கஸ்டர்டு சாஸ் 82 டிகிரியை ஒட்டிக் கெட்டிப்படுகிறது. 85ஐத் தாண்டினால் திரிந்துபோகிறது. டார்க் சாக்லேட்டை ஏறத்தாழ 45 டிகிரிக்கு உருக்கி, 28 வரை குளிரவைத்து, மறுபடி 31 அல்லது 32க்கு ஏற்ற வேண்டும். கோகோ வெண்ணெய் உறையும்போது ஆறு விதமான படிகங்களாக உருவாகக்கூடும். அவற்றில் ஐந்தாவது வகைதான் பளபளப்பையும், ஒடிக்கும்போது கேட்கும் அந்தத் துல்லியமான சத்தத்தையும் தருகிறது. மற்றவை நிறைய உருவாகிவிட்டால் சாக்லேட் மங்கி, சாம்பல் பூத்து, விரல் பட்டதுமே உருகும். இப்படி உருக்கி, குளிரவைத்து, மறுபடி சூடேற்றுவதற்கு டெம்பரிங் என்று பெயர். மாதக்கணக்கில் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்துச் செய்தவர், ஒரு கட்டத்தில் கீழ் உதட்டில் ஒரு துளி வைத்தே வெப்பத்தைச் சொல்லிவிடுவார். அந்த நிலை வந்த பிறகும் நல்ல செஃப் தெர்மாமீட்டரை ஒதுக்கிவைப்பதில்லை.

பெற்றோர் கேட்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன். வேலை விடியலுக்கு முன்பே தொடங்கும். பண்டிகையும் விடுமுறையும் மற்றவர்களுக்கு. அந்த நாள்களில்தான் பேஸ்ட்ரி சமையலறையில் வேலை மிக அதிகம். தொடக்கச் சம்பளம் குறைவு. நாள் முழுவதும் நின்றே வேலை செய்ய வேண்டும். மாவு மூட்டை தூக்கும் முதுகும், க்ரீமை வடிவமாகப் பிழியும் பைப்பிங் பையை அழுத்தும் மணிக்கட்டும் முதலில் வலிக்கும். மாவுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பதால் சிலருக்கு ஆஸ்துமா வருகிறது. மருத்துவத்தில் அதற்குப் பேக்கர் ஆஸ்துமா என்றே பெயர். மாவை உயரத்திலிருந்து கொட்டாதீர்கள், காற்றோட்டம் கேளுங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள். சர்க்கரைப் பாகு கொதிநீரைவிட அதிகச் சூடு. கேரமல் பதத்தில் 160 டிகிரியைத் தாண்டியிருக்கும், அதோடு தோலில் ஒட்டிக்கொள்ளும். கையில் பட்டால் ஐஸ் வைக்காமல், குழாயைத் திறந்து ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பிறகு மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. புதியவரைத் திட்டியும் அவமானப்படுத்தியும்தான் பழக்க வேண்டும் என்று நம்பும் சமையலறைகள் இன்றும் இருக்கின்றன. கண்டிப்பு வேறு, அவமானம் வேறு. கண்டிப்பான ஆசிரியர் உங்கள் டார்ட்டைக் குப்பையில் போடுவார், ஏன் போட்டார் என்று சொல்வார், மறுபடி செய்யவைப்பார். காரணம் சொல்லாமல் கத்துகிறவரிடம் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. அங்கிருந்து வெளியேறுவதைத் தோல்வியாக நினைக்காதீர்கள்.

வறுமையால் படிப்பை விட்டவர்களுக்கு இந்தத் தொழில் நீண்ட காலமாகக் கதவு திறந்துவைத்திருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிஸ் தெருவில் பெற்றோரால் கைவிடப்பட்ட சிறுவன் மரி அந்துவான் கரேம், பெய்யி என்ற பேஸ்ட்ரிக் கலைஞரிடம் வேலை கற்றான். நேரம் கிடைத்தபோதெல்லாம் நூலகத்துக்குப் போய்க் கட்டடக்கலைப் படங்களைப் பார்த்து வரைந்து பழகினான். கோவில்களையும் கோபுரங்களையும் சர்க்கரையிலும் மாவிலும் நிறுத்திய அவனுடைய மேசை அலங்காரங்கள் பின்னாளில் அரசர்களின் விருந்துகளுக்குப் போயின. 1833இல் இறந்தபோது அவருக்கு ஐம்பது வயதுகூட முழுமையாகவில்லை. மூடிய சமையலறைகளின் கரிப்புகைதான் காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த வாழ்க்கையில் பெருமை எவ்வளவோ அவ்வளவு எச்சரிக்கையும் இருக்கிறது. மாணவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, வரைந்து பார்க்கும் பழக்கம். தட்டில் வைப்பதற்கு முன் தாளில் வரைந்து பாருங்கள்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். பாராட்டு கிடைக்கும், ஆனால் அதை நம்பி வராதீர்கள். சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலானோர் செய்தவரைப் பார்ப்பதே இல்லை. நான் சொல்லும் பலன் சமையலறைக்குள்ளேயே கிடைப்பது. நூறு முறை செய்த வேலையை அடுத்த முறை தொடங்கும்போது, உருட்டுகட்டைக்கு அடியில் வெண்ணெய் லேசாக இளகுவதை உங்கள் உள்ளங்கை உணர்கிறது. யாரும் சொல்லாமலே நிறுத்தி, மாவை மறுபடி குளிரவைக்கிறீர்கள். அன்று தவறு நடக்கவே இல்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. கெடப்போவதைக் கெடும் முன்பே பார்த்துவிட்ட அந்த மகிழ்ச்சிக்கு ஈடாக எந்தக் கைதட்டலையும் என்னால் சொல்ல முடியவில்லை. மாவோடும் வெப்பத்தோடும் உண்மையாகப் பழகியவருக்கு மட்டுமே கிடைக்கும் மகிழ்ச்சி அது.

பள்ளியில் சேர்வதா, நேரடியாக ஒரு சமையலறையில் சேர்வதா என்று பலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். இரண்டும் நல்ல வழிகள்தான். பள்ளியில் 'ஏன்' என்பது நன்றாகப் புரியும். சமையலறையில் வேகமும் எண்ணிக்கையும் பழகும். பணம் கட்டுவதற்கு முன் இரு இடத்திலும் ஒரு நாள் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். மாணவர்கள் தாங்களே எடைபோட்டு, தாங்களே சுடுகிறார்களா, அல்லது ஆசிரியர் செய்வதைச் சுற்றி நின்று பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். கெட்டுப்போன பொருளை வெட்டிப் பார்த்துப் பேசுகிறார்களா என்று கவனியுங்கள். மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஒரு மாணவரைத் தனியாகச் சந்தித்து, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அனுமதி மறுக்கும் இடத்தில் சேர வேண்டாம்.

இப்போது கேள்விகளுக்கு வருகிறேன். பெற்றோர் முதலில் கேட்கட்டும்.