பெயர் வேண்டாம், 98 நாள் வேண்டும்

வணக்கம் நேயர்களே. நம் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் சங்கக் கூட்டமோ கோயில் கூட்டமோ, ஒரு பெண் எழுந்து கேள்வி கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்: "நான் ஒண்ணும் பெண்ணியவாதி இல்லீங்க, ஆனா..." அந்த "ஆனா"வுக்குப் பிறகு வருவதெல்லாம் பெண்ணியக் கோரிக்கைதான். பிரசவ விடுப்பு, தோட்டத்தில் களைமருந்தடிக்கிறவருக்குக் கையுறை, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்.

பிறகு ஏன் முன்கூட்டியே கைகழுவிக்கொள்கிறார்? தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புக்குக் குடிவந்த பிறகும் இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். "அந்தப் பெண் ரொம்பப் பேசுவாள்" என்ற சேதி, பெண் பார்க்க வருகிற வீட்டுக்கு ஜாதகத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். தங்கையின் கல்யாணமும் சேர்ந்து அடிபடும். பெயரைச் சுமந்தால் நஷ்டம். சுமக்காவிட்டாலும் சட்டத்தின் பலன் கிடைத்துவிடும். இந்தக் கணக்கைப் போட்டு ஒதுங்குகிறவரைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன்.

"உள்ளாடையைக் கொளுத்தின கூட்டம்தானே?" என்று இன்றும் கேட்கிறார்கள். நடந்தது இதுதான். 1968 செப்டம்பரில், அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில், அழகிப் போட்டியை எதிர்த்த பெண்கள் குதிகால் செருப்பு, இடுப்புக்கச்சை, உள்ளாடை எல்லாவற்றையும் ஒரு குப்பைத்தொட்டியில் வீசினார்கள். கடற்கரை நடைபாதை முழுக்க மரப்பலகை, நெருப்பு வைக்கவில்லை. வியட்நாம் போருக்கு ஆள் சேர்க்கும் அட்டையை இளைஞர்கள் எரித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நாளிதழ் இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுதியது. மூட்டாத தீ 50 ஆண்டுக்கு மேலாக எரிகிறது!

பழி முழுவதும் பத்திரிகையுடையது அல்ல. கோலாலம்பூர் பக்கத்துப் பெட்டாலிங் ஜெயாவில் ஆங்கிலத்தில் பெண்ணியக் கூட்டம் நடந்தால், விடியுமுன் தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கிற பெண்ணுக்கு அதில் என்ன ஒட்டும்? ஐரீன் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகனிதா போன்ற தொழிலாளர் உரிமை அமைப்புகள் தோட்டத்துக்கே வந்து, மருந்தடிக்கும் பெண்களின் உடம்பை பாராகுவாட் என்ற களைக்கொல்லி என்ன செய்கிறது என்று பேசின. அந்த மருந்துக்கு 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை. இதைப் பெண்ணியம் என்று யாரும் நம்மிடம் சொன்னதில்லை, அதுதான் குறை.

இன்னொரு பேச்சு, "ஆண்களை வெறுப்பவர்கள்." பெண்கள் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் பல ஆண்டு கேட்டு, 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. அதே சட்டத் திருத்தத்தில்தான் அப்பாவுக்கும் சம்பளத்தோடு 7 நாள் கிடைத்தது. மணமானவராக, அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்தவராக இருக்க வேண்டும். பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பே, இல்லாவிட்டால் பிள்ளை பிறந்ததும் முடிந்த சீக்கிரத்தில், முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும். இந்த 7 நாள் இருப்பதே தெரியாத ஆண்கள் நம் பட்டணத்தில் நிறைய.

பிரசவ விடுப்பில் அம்மாவுக்குச் சம்பளம் கிடைக்க, பிரசவத்துக்கு முந்தைய 4 மாதத்தில் அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். முந்தைய 9 மாதத்தில் மொத்தம் குறைந்தது 90 நாள் வேலையில் இருந்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள் இருந்தால் விடுப்பு உண்டு, சம்பளம் இல்லை. பிரசவத்துக்கு முந்தைய 60 நாளுக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

வழுக்குகிற இடம் குத்தகை வேலை. செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிற பெண்ணுக்குச் சம்பளச் சீட்டே வராது. வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் "நீ என் ஆள் இல்லை" என்பார் குத்தகைக்காரர். 90 நாளை எதைக் காட்டி நிரூபிப்பது? சீட்டைக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் வேலைக்குப் போன தேதி, வாங்கிய பணம், உடன் வேலை செய்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தகராறு வந்தால் அந்த நோட்டோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை.

நன்றி, வணக்கம்.