எந்தக் குதிரைக்கு எவ்வளவு கொள்ளு?

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்ப் பக்கம் குதிரை வளர்க்கும் வீடுகளில் கொள்ளு மூட்டை அருகே ஒரு தகர டப்பா கிடக்கும். காலையில் ஒரு டப்பா, மாலையில் ஒரு டப்பா. சும்மா கட்டிக் கிடக்கும் மட்டக்குதிரைக்கும் அதே அளவு. தத்தமங்கலம் அங்காடி வேலா என்னும் திருவிழாப் பந்தயத்தில் ஓடவிருக்கும் குதிரைக்கும் அதே அளவு. கால்நடை மருத்துவனாக நான் பார்த்த வயிற்றுவலிகள் பலவும் அந்த டப்பாவில் தொடங்கியவை.

குதிரைக்கு உணவு என்றால் முதலில் புல்தான். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்ந்த புல்லோ தட்டையோ தினமும் உள்ளே போக வேண்டும். உழைப்புக்குப் புல் போதாதபோதுதான் தானியம். குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சிறியது. ஒரே வேளையில் தானியத்தைக் கொட்டினால், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து அமிலமாகிறது. வயிறு முறுக்குகிறது; குளம்புக்குள்ளும் அழற்சி வருகிறது. முன்னங்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னால் சாய்த்து, ஓரடி வைக்கவும் அஞ்சி நிற்கும் குதிரையைப் பார்க்க மனம் பதறும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது.

ஆகவே முதலில் எடையைக் கணக்கிடுங்கள். தையல்காரரின் அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்த சென்டிமீட்டரை அதே எண்ணால் பெருக்குங்கள். அதை, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுங்கள். சுற்றளவு 150, நீளம் 130 என்றால் ஏறத்தாழ 246 கிலோ. நம் பக்கத்து நாட்டுக்குதிரை பெரும்பாலும் இந்த அளவுதான்.

அடுத்து விலாவில் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் தட்டுப்பட்டால் உடம்பு சரியாக இருக்கிறது. அழுத்தினாலும் தட்டுப்படாத குதிரைக்குத் தானியமே வேண்டாம். கொள்ளென்றால் வாய் திறப்பது குதிரையின் இயல்பு. அதைப் பசி என்று எண்ணி இரங்காதீர்கள்.

250 கிலோ குதிரை வேலையில்லாமல் நின்றால் நல்ல புல்லும் உப்பும் தண்ணீரும் போதும். தினம் ஒரு மணி நேரம் மெதுவாக வண்டி இழுத்தால் அரை முதல் ஒரு கிலோ தானியம். ஓட்டப் பயிற்சியில் இருந்தால் இரண்டு கிலோ வரை போகலாம்; ஆனால் மூன்று வேளையாகப் பிரித்துத்தான். தானியத்தை நிறுத்தே கொடுங்கள். ஒரு டப்பா கொள்ளின் எடையும் ஒரு டப்பா தவிட்டின் எடையும் ஒன்றல்ல. தவிடு அதில் பாதிகூட இராது. தவிட்டை மட்டும் நம்பவும் கூடாது. அதில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு, பாஸ்பரஸ் மிக அதிகம். நாளடைவில் எலும்பு பலவீனப்படும்.

ஓய்வு நாளைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். வேலை நின்ற அன்றே தானியத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடுங்கள். ஓய்வில் முழுத்தீனி தின்ற குதிரையை மறுநாள் வண்டியில் பூட்டினால் சில வேளைகளில் கால் மைல் போவதற்குள் பின்தொடை மரக்கட்டையாக இறுகிவிடும். சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்கும். அப்படிக் கண்டால் ஓர் அடிகூட நடத்தாமல் அங்கேயே நிறுத்தி மருத்துவரை அழையுங்கள்.

வேலா நெருங்கும்போது ஒரே நாளில் தீனியைக் கூட்டாதீர்கள். தினமும் ஒரு கைப்பிடியாக ஏற்றி, புதிய அளவுக்கு வரப் பத்து நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் பழைய அளவிலேயே ஓடட்டும். நன்றி, வணக்கம்.